எத்தனை பேருக்கு வரும்?

பதினாறு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபிரேம் காட்டி விற்கிற வேலை இல்லை. கண் பார்த்துப் பவர் சொல்கிற வேலை. இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின் மேல் ஒரு வெற்றுச் சட்டத்தை மாட்டி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று கேட்டுக் கேட்டு வில்லைகளை மாற்றிப் போடுவார்களே, அந்த ஆளாகத்தான் ரொம்ப காலம் இருந்தேன். கண் டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் கடைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அந்த அறையில் என் ராஜ்ஜியம்.

என் தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். அங்கே தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பஸ்ஸைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் நிறுத்துவார்கள். என் தம்பி உள்ளே இறங்கி நின்று, தலைக்கு மேலே இருக்கிற பஸ்ஸின் அடிவயிற்றில் வேலை செய்வான். நாள் முழுக்க அண்ணாந்தபடி. டிப்போவில் அவனுக்குப் பட்டப்பெயர் பாதாளம். “பாதாளம் எங்கேப்பா?” என்று மேஸ்திரி கூப்பிட்டால் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து பதில் வரும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அம்மா போனபோது அவன் நாலாவது படித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவனுக்குத் தலை வாரியதிலிருந்து பெண் பார்த்தது வரை எல்லாம் நான்தான். அவன் உடம்பு அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு ரொம்ப காலமாகவே உண்டு.

அவனுக்கு முப்பத்து நாலு வயசு நடந்தபோது, ஒரு நாள் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தான். கையில் கிரீஸ் போகவில்லை.

“அக்கா, மேல இருக்கிற நட்டு ரெண்டு ரெண்டா தெரியுது. ஸ்பேனரைக் கொண்டு போய் இல்லாத நட்டுல மாட்டப் பார்க்கிறேன். பசங்க சிரிக்கிறாங்க.”

நானும் சிரித்தேன். உட்கார வைத்துப் பார்த்தேன். லேசாக ஒரு பவர் வந்தது. அந்த அளவு பவர் யாரைப் பிடித்து உட்கார வைத்தாலும் வரும். ஆனாலும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அது முதல் கண்ணாடி.

இரண்டு மாதம் கழித்து, கிட்டே வைத்துப் பார்த்தால் எழுத்து கலங்குகிறது என்றான். படிக்கிற பவர் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது என்றான். நாற்பதில் வர வேண்டியது இவனுக்கு முப்பத்து நாலிலேயே வந்துவிட்டது, இருட்டில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வேலை செய்தால் வராமல் என்ன செய்யும் என்று நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அது இரண்டாவது கண்ணாடி.

மூன்றாவது கண்ணாடிதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த நாட்களில் அவன் எதைப் பார்த்தாலும் முகவாயைத் தூக்கித் தலையையே பின்னால் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தான். சுவர்க் கடிகாரத்தைக்கூட அப்படித்தான் பார்த்தான். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தேன். சாதாரணமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடியில் கிட்டே பார்க்கிற பகுதி கீழே இருக்கும். அண்ணாந்து வேலை செய்கிறவர்களுக்கு அதை மேலே வைத்தும் செய்யலாம் என்று படிப்பில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. அதுவரை நான் யாருக்கும் அப்படிச் செய்து கொடுத்ததில்லை. தம்பிக்காக லென்ஸ் கம்பெனிக்குத் தனியாக எழுதி, இரண்டு வாரம் காத்திருந்து வரவழைத்தேன். கடையில் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

நாலு நாளில் திரும்பி வந்தான்.

“அந்த மேல் பாகத்துக்குக் கண்ணு போகவே மாட்டேங்குதுக்கா.”

“பழகிக்கோ. பத்து நாள் ஆகும்,” என்றேன்.

கண் போகவே மாட்டேன் என்கிறது. வார்த்தைக்கு வார்த்தை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் சொல்ல முடியாது. பிற்பாடு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் இதை நான் சொன்னபோது அவர் அதை அப்படியே கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார்.

என் தம்பி மனைவி ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அவள் ஒரு தடவை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள், அவர் காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறார், தலை வலிக்கிறது என்கிறார், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று. புதுக் கண்ணாடி போட்டால் அப்படித்தான் இருக்கும், தலை சுற்றும், குமட்டும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நாத்தனார், அதுவும் கண் பார்க்கிறவள், சொன்னால் அவள் என்னத்தைச் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை அவன் பள்ளத்திலிருந்து ஏறி வரும்போது படியில் தடுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். டிப்போவில் அரை நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்தான். கண் டாக்டர் கடைசி ஆளைப் பார்த்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவன் உள்ளே வந்து தலையைப் பின்னால் சாய்த்து அவருக்கு வணக்கம் சொன்னதும், டம்ளரைக் கீழே வைத்தார்.

“இவர் எப்பவுமே இப்படித்தான் பார்ப்பாரா?”

கழுத்துப் பிடிப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தலையைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, விரலைக் காட்டி மேலே பார்க்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் மேலே போயிற்று. அவன் கண் போகவில்லை. போக முயன்றபோது இரண்டு கண்மணியும் உள்பக்கமாகத் துள்ளித் துள்ளி விழுந்தன. டார்ச் அடித்தார். வெளிச்சத்துக்குச் சுருங்க வேண்டிய கண் பாப்பா சுருங்கவில்லை. பேனா முனையைக் கிட்டே கொண்டு வந்து பார்க்கச் சொன்னால் மட்டும் சுருங்கியது.

நானும் டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன், ஒவ்வொரு ஆளுக்கும். என் தம்பிக்கு மட்டும் அடிக்கவில்லை. சொந்தத் தம்பிதானே என்று நேராக வில்லைக்குப் போய்விட்டேன்.

டாக்டர் ஒரு கடிதம் எழுதி ஒட்டி, இதை எடுத்துக்கொண்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், திங்கட்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள் என்றார். என்ன என்று கேட்டேன். ஸ்கேன் எடுக்கட்டும் என்று மட்டும் சொன்னார். டீ அப்படியே ஆறிப் போயிருந்தது.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூளைக்கு நட்ட நடுவில் பீனியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அரிசிமணி அளவுதான் இருக்கும். எல்லாருக்கும் உண்டு, யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. அந்த இடத்தில் அவனுக்கு ஒரு கட்டி. அதற்குப் பக்கத்தில்தான் கண்ணை மேலே தூக்குகிற நரம்புகள். மூளை நீர் இறங்கிப் போகிற குறுகலான வழியும் அங்கேதான். கட்டி அந்த வழியை அடைத்து, நீர் தேங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. காலை வாந்தி அதனால்தான்.

மறுநாளே மண்டையில் சின்னதாக ஒரு துளை போட்டு, தேங்கிய நீர் வடிய உள்ளுக்குள்ளேயே வேறு வழி திறந்துவிட்டார்கள். அதே துளை வழியாகக் கட்டியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தலைவலி போயிற்று. வாந்தி நின்றது. “அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?” என்றான். ஆனால் கண் மேலே போகவில்லை.

பெரிய டாக்டர் ஐம்பது வயசிருக்கிற அம்மா. மூளை அறுவைச் சிகிச்சையில் அவர் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, படத்தைக் காட்டி விளக்கினார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“இது எத்தனை பேருக்கு வரும் டாக்டர்?”

“மூளைக் கட்டி வந்த பெரியவங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா, அதுல ஒருத்தருக்கு இந்த இடத்துல இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பத்து லட்சம் பேர் இருக்கிற ஊர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்கு வந்தாலே அதிகம். சின்னப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வரும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கண் பார்க்கிற வேலையில இருக்கீங்க இல்ல? ஆயுசு முழுக்க வேலை பார்த்தாலும் ஒண்ணைக்கூடப் பார்க்காம ரிட்டயர் ஆகிறவங்கதான் நிறைய,” என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. அந்த ஒன்று என் நாற்காலியில் மூன்று தடவை வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று தடவையும் நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

தம்பி மட்டும் லேசாகச் சிரித்தான். “எங்க டிப்போவுல நூத்து நாப்பது வண்டி. ஒரே ஒரு வண்டிக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கும்போதே ஸ்டியரிங் பாக்ஸ் புட்டுக்கிச்சு. அந்த வண்டி யார் பள்ளத்துக்கு வந்துச்சு? என் பள்ளத்துக்கு.”

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். அவன் மனைவி சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அந்த இடத்தில் வருகிற கட்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லை, பல வகை உண்டு, எது என்று தெரிந்தால்தான் மருந்தா, கதிர்ச் சிகிச்சையா, கத்தியா என்று சொல்ல முடியும், ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகலாம் என்றார் டாக்டர். எடுத்த துண்டு ரொம்பச் சின்னதாம். இங்கே பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமில்லையாம், அதனால் வெளியே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பியிருக்கிறார்களாம்.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. இதே இடத்தில் கட்டி வந்த இன்னொரு ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டால் பதில் கிடையாது. வெறும் பார்வைதான். கடைக்கு வருகிறவர்கள், ஒரு பக்கத் தலைவலி வந்தால் ‘எனக்கும் அப்படித்தான்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இவனுக்கு அப்படிச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லையே என்று இருந்தது. வார்டு நர்ஸிடம் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் இருந்தான், ஆனால் நம்பர் எல்லாம் கொடுக்கக் கூடாது, வேண்டுமானால் அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

ஐந்தாவது நாள், கடையில் ஒருவருடைய ஃபிரேமின் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தப் பையனுடைய அம்மா. கம்பியை அப்படியே போட்டுவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளும் என்னை மாதிரிதான் அலைந்திருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாம் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லையாம். சொந்தக்காரர்கள் புற்று என்று சொல்லி ஒதுங்கினார்களாம். அவள் பேசிக்கொண்டே போனாள். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சொன்னாள். “கத்தியே வைக்கலம்மா. கதிர் மட்டும்தான் கொடுத்தாங்க. அப்படியே கரைஞ்சு போச்சு. இப்ப நீச்சல் சொல்லிக் கொடுக்கிறான். உன் தம்பிக்கும் கரைஞ்சுடும், பாரு.”

அன்றைக்குச் சாயந்தரம் கடையிலிருந்து தம்பி வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னதும் அவன் மனைவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள். தம்பி எழுந்து போய்க் கண்ணாடியில் தன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, துளை போட்ட இடத்தில் மொட்டையாக இருக்கிறது, முடிவெட்டி ஒரு மாதிரியாகச் சரி பண்ணிக்கொள்கிறேன் என்று சலூனுக்குக் கிளம்பினான். நானும் அவளும் சேர்ந்து சமைத்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வகை தெரியாமல் எதையும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். காதில் விழுந்திருந்தது. மனசில் ஏறவில்லை.

ரிப்போர்ட் வர நாலரை வாரம் ஆயிற்று. கரைகிற வகை இல்லை. சுரப்பியின் சொந்தச் செல்களிலிருந்தே கிளம்பிய கட்டி. அதிலும் மெதுவாக வளர்கிற சாது ஒன்று உண்டு, வேகமாக வளர்கிற பொல்லாதது ஒன்று உண்டு. இது இரண்டும் இல்லை, நடுவில். டாக்டரம்மா ‘நடுத்தரம்’ என்று சொன்னபோது, நல்லது கெட்டது எதுவும் சொல்லாத அந்தச் சொல் எனக்கு ஏனோ மிரட்டலாக இருந்தது.

“அந்தப் பையனுக்கும் இதே இடம்தானே டாக்டர்?” என்றேன்.

“இடம் ஒண்ணு. கட்டி வேற. அவனுக்குக் கொடுத்ததை இவருக்குக் கொடுத்தா அதே மாதிரி கரையாது.”

உலகத்திலேயே ஒரே ஒரு துணை கிடைத்தது என்று இருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அடுத்து என்ன என்று தம்பி கேட்டான். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. தெரிந்த மூன்று பெரிய டாக்டர்களுக்குப் படத்தையும் ரிப்போர்ட்டையும் அனுப்பிக் கேட்டாராம். ஒருவர் முடிந்த வரை வெட்டி எடுத்துவிட்டுக் கதிர் கொடு என்றாராம். ஒருவர் வெட்டாதே, ஆழம் அதிகம், கதிர் மட்டும் போதும் என்றாராம். மூன்றாமவர் மருந்தும் சேர் என்றாராம். மூன்று பேரும் இதில் விரல் விட்டு எண்ணக்கூடிய கேஸ்தான் பார்த்திருக்கிறார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று தம்பி கேட்டான்.

“நான் வெட்டி எடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். மத்தக் கட்டின்னா, இருநூறு பார்த்தேன், முந்நூறு பார்த்தேன், அதை வச்சுச் சொல்றேன்னு சொல்லுவேன். இந்த வகையில எனக்கு நீங்க ரெண்டாவது ஆள். நான் எது சொன்னாலும் அது படிச்சதுதான், அனுபவம் இல்ல. வீட்டுல பேசிட்டு வாங்க.”

நல்ல டாக்டர். பொய் சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்று சொல்வது தப்பு. மூன்று பேரும் மாற்றி மாற்றி ஒன்றும் தெரியாததைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் கத்தி வேண்டாம் என்றேன். அந்த அம்மாவின் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. வகை வேறு என்று தெரிந்த பிறகும், கதிரிலேயே கரைந்தாலும் கரையலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தம்பி சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணைப் பற்றித் தெரியும், மண்டைக்குள் நடு இடத்தில் கத்தி போனால் கண் என்ன ஆகும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை விட்டேன்.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள்.

“மூணு கண்ணாடி போட்டீங்க அண்ணி.”

குரலை உயர்த்தவில்லை. அடுத்த துணியை எடுத்து உதறினாள். தம்பி அவளை ஒரு அதட்டு அதட்டினான். வேண்டாம்டா, சொல்லட்டும் என்றேன். முதல் கண்ணாடியிலிருந்து அன்று வரை எட்டு மாதத்தில் அவள் எனக்கு எதிராகப் பேசிய ஒரே பேச்சு அது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் பிறகு தனியாகக் கேட்டேன். நீர் அடைப்பை முன்னாலேயே எடுத்துவிட்டிருக்கலாம், கட்டியின் வகை மாறியிருக்காது, அளவு கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம், அதனால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாது என்றார். இந்த நோயில் நான் எதைக் கேட்டாலும் கடைசி வார்த்தை தெரியாது என்றுதான் வந்து நின்றது.

அவர்கள் இரண்டு பேரும் ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். ஒன்பது மணி நேரம். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். டிப்போவிலிருந்து மேஸ்திரியும் இரண்டு மெக்கானிக்குகளும் வேலை உடுப்போடு வந்து எதிரே சுவர் ஓரமாக நின்றார்கள். ஆறு மணி நேரம் ஆனபோது அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன்.

முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. ஒரு பெரிய ரத்தக் குழாயில் மெல்லிசாக ஒட்டியிருப்பதை மட்டும் தொடவில்லை, தொட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்றார். அதற்கப்புறம் முப்பது நாள் கதிர். முடி கொட்டியது. சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்றான். ஒரு மாதம் எல்லாமே இரண்டாகத் தெரிந்து, அப்புறம் மெல்ல மெல்ல ஒன்றாயிற்று. கண் மேலே போவது மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம் டிப்போவுக்குப் போனான். பள்ளத்தில் இறக்கவில்லை. ஸ்டோர் அறையில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்து உதிரிப் பாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை எடுக்க இன்னும் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். பசங்களே வந்து அவனுக்கு வேண்டியதை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடுக்கிவிட்டார்கள். பாதாளம் என்று கூப்பிடுவதை அவர்களாகவே விட்டுவிட்டார்கள். அதுதான் அவனுக்கு ரொம்ப வருத்தம். “செத்துப் போயிட்டேன்னு நினைச்சாங்களா?” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

கடையில் என் நிலைமை வேறு மாதிரி ஆயிற்று. வருகிறவர்களை எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு மேலே பார், கீழே பார் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். டார்ச் அடித்ததில் யாருக்காவது பாப்பா கொஞ்சம் மெதுவாகச் சுருங்கினால் ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நாலு மாதத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒன்றும் இல்லை. அதில் ஒரு பள்ளி ஆசிரியை பத்து நாள் தூக்கமில்லாமல் கிடந்து, ஸ்கேன் படத்தோடு வந்து கடை நடுவில் என்னைக் கேட்டார், உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று. முதலாளி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, “கண்ணைப் பாரும்மா. அதுக்குப் பின்னால இருக்கிறதை எல்லாம் நாம பார்க்க முடியாது,” என்றார்.

மறு வாரமே, பின்னறையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கிற மிஷினுக்கு என்னை மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சீட்டில் எழுதியிருக்கிறபடி தேய்த்தால் போதும்.

அந்தப் பையனுடைய அம்மா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். ரொம்ப நாள் நான் எடுக்கவில்லை. அவள் பிள்ளை பிழைத்ததில் எனக்கு என்ன பொறாமை என்று என்னையே திட்டிக்கொண்டு ஒரு நாள் எடுத்தேன். தம்பி எப்படி இருக்கிறான், கரைந்ததா என்று கேட்டாள். இல்லை, அது வேறு வகை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை, உன்னிடம் பேசினால்தான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்றாள். “கரைஞ்சுக்கிட்டு வருதும்மா,” என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அதற்கப்புறம் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கிறது என்பார். நாங்கள் அடுத்த நாலு மாதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். இன்னும் எத்தனை வருஷம் இப்படி என்று தம்பி ஒரு தடவை கேட்டான். இந்த வகையில் நூறு பேரையாவது பத்து வருஷம் தொடர்ந்து பார்த்திருந்தால் சொல்லுவேன் என்றார் அவர். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

போன வாரம் ஒன்பதாவது ஸ்கேன். டாக்டரம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கோடு போட்டு அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார்.

“ஒட்டியிருக்கிற அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிற மாதிரி இருக்கு.”

அவரே தொடர்ந்தார். வளர்ச்சியாக இருக்கலாம். ஸ்கேன் எடுக்கும்போது தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். கதிர் கொடுத்த இடம் வருஷங்கள் கழித்து வீங்கிக் காட்டுவதும் உண்டு. எது என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் தெரியலாம்.

“அதுவரைக்கும் என்ன செய்யணும் டாக்டர்?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போல இருங்க.”

வெளியே நடைபாதைக்கு வந்தோம். தம்பி படங்கள் இருந்த பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவன் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி, ஒரு மில்லிமீட்டர்னா எவ்வளவு?”

லென்ஸ் அறையில் நாள் முழுக்க நான் அளப்பது அதைத்தான். கட்டை விரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் கிட்டத்தட்ட ஒட்டுகிற மாதிரி கொண்டுவந்து, நடுவில் ஒரு கீற்று விட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். தம்பியும் குனிந்து பார்த்தான். என் விரல் லேசாக நடுங்கியதால் அந்தக் கீற்று கூடுவதும் குறைவதுமாக இருந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

இவ்வளவுதான் என்றேன். பின்னாலிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் வழி கேட்டார். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றோம்.